குடியா, மனநோயா: எதற்கு முதலில் வைத்தியம்?

ஒரு அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு வயது 34, டூவீலர் மெக்கானிக். பத்து வருடக் குடி. கடைசி மூன்று வருடமாகக் காலையில் ஒரு கட்டிங் போடாமல் ஸ்பேனர் பிடிக்க முடிவதில்லை, கை அப்படி உதறுகிறது. அதே மூன்று வருடத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தெருவில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறார், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, மனைவி மேல் சந்தேகம். மனநல மருத்துவர் ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரையை எழுதிக் கொடுத்து, "குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றிருக்கிறார். மூன்று மாதம் சேர்த்திருந்த மறுவாழ்வு மையத்தில் "மாத்திரையும் ஒரு போதைதான்" என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். வெளியே வந்த பன்னிரண்டாம் நாள் மறுபடி கடை வாசல். "எதை முதலில் குணப்படுத்துவது, யாரிடம் போவது?" என்பது கேள்வி.

இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். முடிந்தால் ஒரே மருத்துவரிடம், ஒரே கேஸ் ஷீட்டில். அது கிடைக்காவிட்டால், இரண்டு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "முதலில் குடியை நிறுத்து" என்ற அந்த வாக்கியத்தை, மனநல மருத்துவராக வேலையில் சேர்ந்த புதிதில் நானும் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். அதில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

அந்த வாக்கியம் முழுப் பொய்யும் இல்லை. சாராயமே மனச்சோர்வை உண்டாக்கும், பதற்றத்தை உண்டாக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், குரலைக்கூடக் கேட்க வைக்கும். 1988-ல் பிரவுன், ஷக்கிட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், குடிக்கு சிகிச்சை பெற வந்த 191 ஆண்களைக் கவனித்தார்கள். சேர்ந்த முதல் வாரத்தில் 100-க்கு 42 பேருக்கு மருந்து தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருந்தது. நான்காவது வாரத்தில், மனச்சோர்வுக்கென்று தனி மருந்து இல்லாமலே, அது 6 பேராகக் குறைந்துவிட்டது. குடியை விட்டு ஏறக்குறைய ஒரு மாதம் போனபிறகுதான் எது சரக்கின் வேலை, எது தனி நோய் என்று தெளிவாகத் தெரியும் என்று நாங்கள் சொல்வதற்கு இந்த மாதிரி ஆய்வுகள்தான் அடிப்படை.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு மாதத்தை யார் கடப்பது? காதில் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர், அதை அமுக்கக் கையில் இருக்கும் ஒரே வழியும் பறிபோன நிலையில், வீட்டில் தனியாக முப்பது நாள் குடிக்காமல் இருந்துவிட்டு எங்களிடம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவரால் அது முடிந்திருந்தால் எங்களிடம் வரவே தேவையிருக்காது. ஆகவே அந்த மாதத்தை அவர் எங்கள் கண்ணெதிரில், மருந்தோடு கடக்க வேண்டும். மருந்து எவ்வளவு காலம் என்பதை அதன்பிறகு முடிவு செய்துகொள்ளலாம். தற்கொலைப் பேச்சு, குரல், கடும் சந்தேகம், தூங்காமல் அலையும் அதீத உற்சாகம் ஆகிய நான்கில் எது இருந்தாலும் நாலு வாரம் காத்திருந்து பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 1990-ல் வெளியான, 20,291 பேரைப் பேட்டி கண்ட அமெரிக்க ஆய்வில், மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கு வாழ்வில் ஏதாவதொரு கட்டத்தில் குடியோ வேறு போதையோ பிரச்சினையாக இருந்திருந்தது. குடிப்பிரச்சினை உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கு ஒரு மனநோயும் இருந்தது. நம் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலும் இது விளங்கும்.

அப்புறம் ஏன் குடிக்கு ஒரு வாசல், மனநோய்க்கு ஒரு வாசல்? நோயால் வந்த பிரிவு இல்லை இது, நிர்வாகத்தால் வந்தது. மனநோய் இரண்டு நூற்றாண்டாகவே ஆஸ்பத்திரி விஷயம். கீழ்ப்பாக்கம் மனநல காப்பகத்தின் வேர் 1794-க்குப் போகிறது. குடியோ நெடுங்காலம் ஒழுக்க விஷயமாகவே இருந்தது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடித்து மீண்டவர்களே குடிப்பவர்களுக்குக் கை கொடுக்கும் வேறொரு பாதையைப் போட்டது. அருமையான பாதை, நானே பலரை அனுப்புகிறேன். ஆனால் அதில் டாக்டர் இல்லை. நம் நாட்டிலும் இதே கதைதான். மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் கொடுப்பது மத்திய சமூக நீதி அமைச்சகம், மனநல மருத்துவமனைகள் சுகாதாரத் துறையின் கீழ். ஒரே மனிதனின் ஒரே மூளைக்கு இரண்டு அமைச்சகம்! சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை மாதிரி, குடியை மருத்துவமும் ஆலோசனையும் சேர்த்துப் பார்த்த இடங்கள் முன்னோடிகள். ஊர் ஊராக முளைத்த மையங்கள் எல்லாம் அப்படி இல்லை.

இனி உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு என்ன நோய் என்று ஒரு கேள்வியை மட்டும் படித்துவிட்டு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பார்க்கப்போகும் மருத்துவருக்கு உதவும் ஒரு வேலையை நீங்கள் செய்யலாம். ஒரு முழுத்தாளைக் குறுக்கே வைத்து இரண்டு கோடு போடுங்கள். மேல்கோட்டில் குடி: எந்த வயதில் தொடங்கியது, எப்போது தினசரி ஆனது, எப்போது காலைக் குடி வந்தது, எப்போதெல்லாம் நிறுத்தியிருந்தார். கீழ்க்கோட்டில் மனசு: முதன்முதலில் தூக்கம் கெட்டது, பேச்சு குறைந்தது, சந்தேகம் வந்தது, குரல் கேட்டது எப்போது. பள்ளிக்கூட வயதில் ஏதாவது மாற்றம் இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். கஞ்சா உண்டா என்று அவருடைய கூட்டாளி யாரிடமாவது தனியாக விசாரியுங்கள். ஸ்வீடனில் ராணுவத்தில் சேர்ந்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு இருந்தது. வீட்டில் சாராயம் மட்டும்தான் தெரியும், இது தெரியாது. உடம்பு வலி மாத்திரை என்ற பெயரில் டேப்பென்டடால் (அபின் வகை வலிமருந்து) போடும் பழக்கம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்தத் தாளில் எனக்கு மிக வேண்டியது, அவர் நிறுத்தியிருந்த இடைவெளிகள். நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கடும் குடிகாரர்கூட ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டார். ரமலான் மாதத்திலும் தவக்காலத்திலும் இதேபோல நிறுத்துபவர்களைப் பார்க்கிறேன். "மாலை போட்டிருந்தப்ப ஆள் எப்படி இருந்தார்?" என்பது நான் தவறாமல் கேட்கும் கேள்வி. "அந்த நாளெல்லாம் தங்கமாட்டம் இருந்தார் சார், மாலை கழட்டினதும்தான்" என்றால் ஒரு கணக்கு. "மாலை போட்டும் ராத்திரி எல்லாம் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிட்டிருந்தார்" என்றால் வேறு கணக்கு. எந்தப் பரிசோதனைக் கூடமும் தராத தகவல் இது. உங்கள் தம்பி மையத்தில் இருந்த மூன்று மாதமும் இப்படி ஓர் இடைவெளிதான். அங்கே ஓலன்சபினும் இல்லை, சரக்கும் இல்லை. அந்த நாட்களில் குரல் கேட்டதா, நின்றதா? மையத்தில் யாரும் கேட்டுக்கூட இருக்க மாட்டார்கள், தம்பியிடமே கேளுங்கள். வெறும் குடியால் வரும் குரல் பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். மூன்று மாதம் நிறுத்தியும் கேட்டிருந்தால் அது தனி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் அவர் வெளியே வந்து குடித்ததை "திருந்தாத ஜென்மம்" என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. மூன்று மாதம் வைத்தியமில்லாமல் கிடந்த ஒரு நோயோடு அவர் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. காலைக் குடி உள்ளவரை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கோயிலில் கயிறு கட்டியோ, மாலை போட்டோ, அறையில் பூட்டியோ எப்படி நிறுத்தினாலும் உடம்புக்கு ஒன்றுதான். கடைசி மடக்குக்குப் பின் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் சிலருக்கு இடம், ஆள், நேரம் எல்லாம் குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கொல்ல வருவதாகவும் தெரியும். இதைச் சாமி வந்தது, பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய், உயிர் போகிற நிலையில் எங்களிடம் கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் லோராசெபம் அல்லது குளோர்டயசெபாக்சைடு என்ற, நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து இதைக் கடக்க வைப்போம். கூடவே தயமின் என்ற பி1 ஊசி. பல வருடக் குடிகாரருக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கும் ஆபத்து இருக்கிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் "டயர்டா இருக்கார், ஒரு டிரிப் போடுங்க" என்று நிறுத்திவிடாமல், இவர் தினமும் குடிப்பவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மையத்தில் சொன்ன "மாத்திரையும் போதைதான்" என்பதற்கு வருகிறேன். அதிலும் பாதி உண்மை. அல்பிரசோலம், குளோனசெபம், டையசெபம் போன்ற தூக்க மாத்திரைகளுக்கு ஆள் அடிமையாக முடியும், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். ஆனால் ஓலன்சபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகளுக்கும், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளுக்கும் யாரும் அப்படி ஏங்கித் திருடி ஓடுவதில்லை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டதுதான் தப்பு. சர்க்கரை மாத்திரையைப் பிடுங்கி வைத்திருந்தால் நீங்கள் சண்டை போட்டிருப்பீர்கள் அல்லவா, இதுவும் அப்படியே.

இதே மாதிரி வீட்டிலும் ஒரு நம்பிக்கை உலவுகிறது: "குடிச்சிருக்கார், இன்னைக்கு மாத்திரை வேண்டாம்." தினமும் குடிப்பவருக்கு இதன் அர்த்தம், மாத்திரையே கிடையாது என்பதுதான். தூக்க மாத்திரையைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயம். சாராயம் குடித்த நாளில் மனநோய் மருந்தை என்ன செய்வது என்று மருத்துவரிடம் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் "அளவோடு கொடுங்கள், நிறுத்தாதீர்கள்" என்றே பதில் வரும். தினசரி மாத்திரை சரிப்படாதவருக்கு இரண்டு வாரம் அல்லது மாதம் ஒரு முறை போடும் ஊசி மருந்துகள் உண்டு, அதையும் கேளுங்கள்.

பீடி சிகரெட் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். புகையில் இருக்கும் சில பொருட்கள் ஓலன்சபின், குளோசபின் ஆகிய மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துத் தள்ளும்படி செய்கின்றன. புகைக்க விடாத வார்டில் ஒருவருக்குச் சரியாக இருந்த அதே அளவு, வெளியே வந்து தினம் ஒரு கட்டு பீடி பிடித்தால் போதாமல் போகும், அடங்கியிருந்த குரல் திரும்பும். எதிர்ப்பக்கமும் உண்டு. பீடியைத் திடீரென்று விட்டவருக்கு ரத்தத்தில் மருந்து ஏறி, நாள் முழுக்கத் தூங்கி வழிவார். அதனால் பீடியின் கணக்கையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டையும் சேர்த்து மருந்து கொடுத்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? குரல், சந்தேகம் வகை நோயில் இல்லாவிட்டாலும் மனச்சோர்வில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் வெளியானது. மனச்சோர்வும் குடி அடிமைத்தனமும் சேர்ந்திருந்த 170 பேர், 14 வாரம். எல்லோருக்கும் வாராந்தர ஆலோசனை உண்டு. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனையும் மனச்சோர்வுக்கான செர்ட்ராலினையும் சேர்த்து வாங்கியவர்களில் பாதிக்கும் மேல், 100-க்கு 54 பேர், குடிக்காமல் இருந்தார்கள். நால்ட்ரெக்சோன் மட்டும் வாங்கியவர்களில் 21 பேர், செர்ட்ராலின் மட்டும் வாங்கியவர்களில் 28 பேர், மருந்தில்லாத வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 23 பேர். ஒற்றை மருந்து வெற்று மாத்திரையைச் சொல்லும்படியாகத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நால்ட்ரெக்சோன் கேட்கும்போது, மேலே சொன்ன வலி மாத்திரைப் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். இரண்டும் மோதினால் ஆளைப் புரட்டி எடுத்துவிடும்.

அடுத்தது, சுவரொட்டியில் வரும் "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" வகையறா. சாப்பாட்டிலோ காபியிலோ கலக்கச் சொல்லிக் கொடுக்கும் பொடிகளில் பல நேரம் டைசல்ஃபிராம் இருக்கும். 1948-ல் டென்மார்க்கில் இதன் பயன் வெளிவந்தது. சாராயம் உடம்பில் உடையும் பாதையை நடுவில் அடைத்துவிடும். போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். தெரிந்தே, சம்மதத்தோடு, மேற்பார்வையில் போட்டால் சிலருக்கு நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. போதாக்குறைக்கு, ஏற்கெனவே குரல் கேட்பவருக்கு இந்த மருந்தே மனநோயைக் கிளப்பிவிடக்கூடும். எல்லாவற்றையும்விட, "எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்று சந்தேகப்படும் மனிதரின் சோற்றில் நிஜமாகவே எதையோ கலந்து, அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்த மாத்திரையை அவர் நம்பி வாங்குவார்?

மனைவி மேல் உள்ள சந்தேகத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. நீண்ட காலக் குடியில் இந்தச் சந்தேகம் மிகச் சாதாரணமாக வரும், குடித்த நேரத்தில் கை நீளும். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதாலோ, போனைத் திறந்து காட்டுவதாலோ அது தீராது. ஒரு நாள் நிரூபித்தால் மறுநாள் இன்னொரு கேள்வி முளைக்கும். வாதாடாமல், "உங்களுக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று தெரிகிறது, டாக்டரிடம் இதையே சொல்வோம்" என்று நகர்த்துங்கள். தம்பி மனைவியைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: அடித்தாரா, கத்தி கித்தி எடுத்தாரா, ராத்திரி பயந்து வெளியே படுத்ததுண்டா? ஆம் என்றால் அவரும் குழந்தைகளும் உடனே தங்க ஓரிடம் பாருங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. மருத்துவரிடம் இதை மறைத்துக் குடும்ப மானம் காப்பது வேண்டாம். வீட்டில் பூச்சிமருந்து, மிச்சம் கிடக்கும் மாத்திரைகள் இருந்தால் இன்றே அகற்றிவிடுங்கள், தம்பியின் பொருட்டும்தான்.

யாரிடம் போவது? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இரண்டையும் ஒருவரே பார்ப்பார். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருப்பார். எங்கு போவது என்று புரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை. தனியார் மையம்தான் என்றால் சேர்ப்பதற்கு முன் போனில் சில கேள்விகள் கேளுங்கள். மனநல மருத்துவர் வாரம் எத்தனை நாள், எத்தனை மணிக்கு வருகிறார்? ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பது? இப்போது போடும் மாத்திரைகள் தொடருமா? நடுவில் குடித்துவிட்டால் வெளியே அனுப்பிவிடுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சறுக்கியவரைத் துரத்துவது, இருமல் திரும்பியதற்காகக் காசநோயாளியைத் துரத்துவது மாதிரி. நல்ல இடத்தில், சறுக்கியதற்கு முந்தைய வாரம் மாத்திரை விட்டுப்போனதா, தூக்கம் கெட்டதா, குரல் கூடியதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். "வேன் அனுப்பி ஆளைத் தூக்கிவிடுகிறோம், மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது" என்று சொல்லும் இடம் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், குடி மற்றும் போதையோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. அதனால் அவர்களைச் சேர்த்து வைத்து சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரைக் குடும்பத்தின் கோரிக்கையில் சேர்க்க வழியுண்டு. ஆனால் மனநல மருத்துவர் உள்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், முதல் கட்டம் 30 நாள்தான். சங்கிலி போடுவதற்குத் தடை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் கட்டிய சங்கிலியோடு கருகிய பிறகும் சங்கிலி பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோவொரு சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் தம்பி இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறார், மூன்று மாதம் உள்ளே இருந்திருக்கிறார். "எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றும் சரிப்படவில்லை" என்று தோன்றும். இரண்டையும் சேர்த்து ஒரு முறைகூட இன்னும் யாரும் பார்க்கவில்லை.

வர மறுத்தால் இழுக்க வேண்டாம். முதல் தடவை நீங்களும் அவர் மனைவியும் மட்டும் போங்கள், அந்தத் தாளையும் பழைய சீட்டுகளையும் காலி மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு. அவரிடம் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். "ராத்திரி தூக்கமே இல்லையேப்பா, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள். தூங்கணும் என்ற ஆசை அவருக்கும் இருக்கும். காலை நேரத்தில், நடுக்கம் முற்றும் முன், ஒரு டம்ளர் மோரோ கஞ்சியோ குடிக்க வைத்துக் கூட்டிப்போங்கள். வழியில் வலிப்பு வந்தாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினாலோ வெளிநோயாளி வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு. மையத்தில் இருந்த மூன்று மாதத்தில் குரல் கேட்டதா என்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள், அதை வைத்து இன்னும் கொஞ்சம் சொல்ல முடியும்.